புதுப் புரொசஸர் கைக்கு வரும்வரை பழைய டி480 லப்டொப்புக்குச் செய்த வேலைகள்

வீடியோ எடிட் செய்யும் எங்கள் வேலைக்கு வேகமான புரொசஸர் ஒன்று உண்மையிலேயே தேவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதில் பாதி, பழைய லப்டொப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து வேகம் எடுத்த விபரம். அதை மட்டும் வாசித்துவிட்டு புதுசே தேவையில்லை என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். புதுசு வேண்டும். எதற்காக வேண்டும், எந்தப் புதுசு வேண்டும், அது வரும்வரை இருப்பதை எப்படி ஓட்டுவது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்தக் காத்திருப்பு முடியவே முடியாது, அதுதான் விஷயம்.

நான் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். மச்சான் கெமரா பிடிப்பார், நான் எடிட் செய்வேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் வேலைகள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கினால் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் முடியும்வரை எங்களுக்கு ஓய்வு கிடையாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிப்பதும் அதே மாதங்களில்தான். பகலில் அறைக்குள் இருக்கும் சூடே 33, 34 டிகிரி. வருடத்தில் வேலை கூடிய காலமும் லப்டொப்புக்கு ஆகாத காலமும் எங்கள் ஊரில் ஒன்றாகவே வரும்.

என்னிடம் இருப்பது திங்க்பேட் டி480. 2018 மொடல், கொழும்பில் யூஸ்ட் ஆக எடுத்தது. உள்ளே இன்டெல் கோர் ஐ5-8250யூ. 4 கோர், 8 த்ரெட், அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை போகும், 15 வாட் சிப். 2017 ஆகஸ்டில் இந்த வரிசை வந்தபோது அது சின்ன மாற்றம் இல்லை. அதற்கு முந்தைய 7200யூவில் இருந்தது 2 கோர்தான், அதே 15 வாட்டுக்குள் இன்டெல் 4 கோர் கொடுத்தது. எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-உம் ஒழுங்காக ஏறுகிறது. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது, ஏழாம் தலைமுறை வைத்திருந்த பலருக்கு அதுவே பெரிய தலையிடி. எனக்கு அந்தத் தலையிடி இல்லை.

மச்சான் பழைய கெமராவை விட்டுக் கெனன் ஆர்6 எடுத்தபிறகுதான் பிரச்சினை தொடங்கியது. பழைய கெமராவின் 8-பிட் எச்.264 கோப்புகளை டி480 சும்மா ஓட்டும். ஆர்6-இல் லொக் (நிறத்தைப் பிறகு திருத்துவதற்கு வசதியான பதிவு முறை) வைத்து எடுத்தால் வருவது எச்.265, 10-பிட், 4:2:2, அதாவது நிற விபரம் கூடிய, ஆனால் இறுக்கிச் சுருக்கிய வடிவம். நிறம் அருமை, பட்டுச்சேலையின் சிவப்பும் குத்துவிளக்கு வெளிச்சமும் உடையாமல் வரும், அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதை எடிட் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் படம் ஒரு இடத்தில் நிற்கும், குரல் முன்னே போகும், பிறகு படம் நாலு எட்டுப் பாய்ந்து வந்து சேரும். தாலி கட்டும் இடத்தை வெட்டவே அரை நாள் போகும். பெண்ணின் அம்மா போன் எடுத்து, "என்ன மனே, எங்கட வீடியோ எப்ப தருவீங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

மச்சானின் யோசனை எப்போதும் ஒன்றுதான். "பொறு மச்சான், அடுத்த புரொசஸர் வருகுதாம், அது வந்த உடனே எடுப்பம்." அந்த அடுத்தது வருவதற்குள் அதற்கு அடுத்ததைப் பற்றிய செய்தி வந்துவிடும்.

புரொசஸரை மட்டும் மாற்றினால் என்ன என்று நிறையப் பேர் கேட்பார்கள். டி480-இல் ஏலாது. சிப் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டது. இன்டெல் லப்டொப் சிப்களில் கழற்றி மாட்டக்கூடிய சொக்கெட் நான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 2013-இல் வந்த டி440பி மாதிரி ஒன்று கையில் இருந்தால் 2 கோர் ஐ5-ஐக் கழற்றி 4 கோர் ஐ7 போடலாம், போட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மெஷின்களில் புரொசஸர் மாற்றம் என்றால் போர்டு மாற்றம், அதாவது கிட்டத்தட்ட வேறு லப்டொப்.

சரி, இருப்பதை அளந்து பார்ப்போம் என்று சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். தொடங்கிய உடனே வேகம் 3 கிகாஹேர்ட்ஸுக்கு மேல். கொஞ்ச நேரத்தில் சூடு 97 டிகிரி. மறுகா வேகம் இறங்கத் தொடங்கி 1.3, 1.4-இல் போய் நின்றது, அங்கிருந்து எழும்பவேயில்லை.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது என்பது முக்கியம். இந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 1.6. டர்போவிலிருந்து இறங்குவது வழமை, அதைக் குறை சொல்ல முடியாது, 15 வாட் எல்லைக்குள் வருவதற்காக எல்லா லப்டொப்பும் இறங்கும். அடிப்படைக்கும் கீழே போய் நிற்பது வேறு. அங்கே புரொசஸர் பழசாகிவிட்டது என்று பேச இடமில்லை, அதற்கு வேலை செய்ய விடப்படவில்லை. இப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: சாஜர், சூடு. பொருந்தாத சாஜர் அல்லது வாட் குறைந்த சாஜர் போட்டாலும் லப்டொப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னுடையது 65 வாட், அதில் பிழையில்லை. சூடுதான் என்று உறுதியானது. இந்தச் சிப்புக்கு எல்லை 100 டிகிரி, அதைத் தொடாமல் இருக்க அது தன்னைத்தானே பிடித்து வைத்திருக்கிறது.

அன்று பின்னேரமே திறந்தேன். டி480 திறக்க வசதியான மெஷின். வெளிப் பற்றரியை முதலில் கழற்ற வேண்டும், ஆனால் உள்ளேயும் ஒரு சின்னப் பற்றரி இருக்கிறது, அது நேரே போர்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்குரூவில் கை வைக்க முன் லப்டொப் தொடங்கும்போது எஃப்1 அழுத்தி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், கொன்ஃபிக், பவர் என்ற இடத்தில் உள்பற்றரியை நிறுத்தும் தெரிவைக் கொடுக்க வேண்டும். லப்டொப் அணைந்துவிடும், பிறகு சாஜரைச் செருகும்வரை உள்ளே கரண்ட் இராது. பலர் இதைச் செய்யாமல் உலோக ஸ்குரூடிரைவரோடு உள்ளே இறங்குகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அடி மூடியில் 6 ஸ்குரூ. அவை முழுதாகக் கழன்று விழாது, மூடியோடு தொங்கி நிற்கும், அதனால் தொலைக்கப் பயமில்லை. மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரிக் கொழுக்கிகள் இருக்கின்றன. பழைய ரீலோட் அட்டை ஒன்றை இடைவெளியில் விட்டு மெல்ல இழுத்துக்கொண்டு போனால் டிக் டிக் என்று விடும். விடாத மூலையில் பலம் போடக்கூடாது, வேறு பக்கத்தால் வர வேண்டும்.

உள்ளே பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் இடையில் தூசு கம்பளித் துணி போல ஒட்டிக் கிடந்தது. வெளியிலிருந்து புளோவர் அடித்தால் அது போகாது, அடிப்பக்கமாக இன்னும் இறுகும். கொழும்பு மெஷின்களிலும் தூசு இருக்கும், ஆனால் கடற்கரைத் தூசு வேறு. உப்புக்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசைக் கட்டியாக்கும், அந்தக் கட்டியில் கச்சான் காலத்து மணல் வந்து ஒட்டும். இரண்டு ஸ்குரூத் தலையில் கறள் பிடித்திருந்தது. போர்டில் எங்கும் பச்சை பூத்திருக்கவில்லை, அந்தளவில் நிம்மதி.

ஃபேனும் ஹீட்சிங்கும் இதில் ஒரே துண்டு. ஃபேன் வயரின் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது, நகத்தால் பிளக்கின் காதைத் தள்ளினால் வரும். புரொசஸரின் மேல் அழுத்தும் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் இலக்கம் போட்டிருக்கும். கழற்றும்போதும் பூட்டும்போதும் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறித் திருக வேண்டும். சிப்பின் மேலே மூடி எதுவும் இல்லை, கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடிய வெறும் சிலிக்கன்தான், ஒரு மூலையில் மட்டும் பாரம் விழுந்தால் உடையும்.

சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்காக இருந்தது. ஐசோபுரோப்பைல் அற்ககோலும் கண்ணாடி துடைக்கும் துணியும் போதும். பார்மசியில் கிடைக்கும் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டைவிட 99 வீதம் என்று போட்டதை இலத்திரனியல் சாமான் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். தகடுகளைப் பழைய பல்துலக்கியால் ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிச் சுத்தம் செய்தேன். ஃபேன் இதழ்களைத் துடைக்கும்போது ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், புளோவர் காற்றில் அதைச் சுழல விடக்கூடாது.

புது பேஸ்ட் விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. டெஸ்க்டொப்பில் பேர்போன மெல்லிய பேஸ்ட் எல்லாம் லப்டொப்புக்கு ஆகாது. வெறும் சிப் சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் பேஸ்டை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் நன்றாக இருந்து பிறகு பழையபடி சூடு ஏறினால் பெரும்பாலும் காரணம் அதுதான். இதற்குப் பிடிஎம்7950 என்று ஹனிவெல் செய்யும் ஒரு தாள் இருக்கிறது, 45 டிகிரி அளவில் இளகிப் பரவி அப்படியே நிற்கும், லப்டொப்புக்கு அதுவே சிறந்தது. எனக்கு அந்த நேரம் கிடைத்தது ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, ஓரளவு தடிப்பானது, நம்பிப் போடலாம். சிப் முழுக்க மெல்லிசாகத் தடவினேன். சிப் நீளமானது, அதில் புரொசஸரோடு துணைச் சிப்பும் பக்கத்தில் தனித் துண்டாக இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டி480-இல் தனிக் கிராஃபிக்ஸ் சிப் உள்ள வகைக்கு இரண்டு செப்புக் குழாய் உள்ள ஹீட்சிங்க் வரும், என்னுடையது ஒரு குழாய் உள்ளது. அந்தப் பெரியதை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போடவில்லை, முதலில் உள்ளதைச் சுத்தம் செய்து அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அளந்தேன். அதே வீடியோ, அதே எக்ஸ்போர்ட். சூடு 80-ஐ ஒட்டி நிற்கிறது, வேகம் 2.3, 2.4-இல் கடைசிவரை நிலைக்கிறது. முன்பு 1.3-இல் தவழ்ந்த அதே சிப். ஒரு மணித்தியாலக் கெமராப் பதிவைச் சின்னக் கோப்பாக மாற்ற முன்பு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது, இப்போது இரண்டுக்குள் முடிகிறது. காசு கொடுத்து அடுத்த தலைமுறைக்குப் போனாலும் சில வருடங்களில் இந்த அளவு வித்தியாசம் கிடைத்திருக்காது.

அறைச் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பிலும் ஏறும், ஹீட்சிங்க் செய்வது தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குச் சூட்டைக் கொடுப்பது மட்டுமே. கச்சான் அடிக்கிற நண்பகலில் எக்ஸ்போர்ட் போட்டதற்கும் விடியப்புறம் போட்டதற்கும் 5, 6 டிகிரி வித்தியாசம் கண்டேன். அதனால் நீண்ட எக்ஸ்போர்ட் எல்லாம் இப்போது இரவில்தான். கரண்ட் போனாலும் வெளிப் பற்றரியும் உள்பற்றரியும் சேர்ந்து கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், டி480-இல் எனக்குப் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று. பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வைத்திருக்கிறேன், கடல் பக்க யன்னலை வேலை நேரத்தில் மூடிவிடுகிறேன்.

சூட்டைக் குறைக்கச் சிப்பின் மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டும் வேலையில் நான் இறங்கவில்லை. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபிறகு பயோஸ் அப்டேட்கள் மூலம் பல மெஷின்களில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதற்காகப் பழைய பயோஸுக்குத் திரும்பச் சொல்லும் அறிவுரைகள் இருக்கின்றன, வாடிக்கையாளரின் வீடியோ இருக்கும் மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ரெம். 8 ஜிபி, ஒரே கார்ட், பக்கத்துச் சொக்கெட் வெறுமை. இது எடிட் செய்கிறவர்களுக்கு இரட்டை நட்டம். இடம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, தனிக் கிராஃபிக்ஸ் இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸும் அதே ரெம்மைத்தான் பாவிக்கிறது, ஒரு கார்ட் மட்டும் இருந்தால் பாதை ஒன்றுதான். டிடிஆர்4-2400 ஒரு பாதையில் செக்கனுக்கு 19.2 ஜிபி தரும், இரண்டு கார்ட் போட்டால் 38.4. ஆனால் நான் வாங்கப் போன நேரம் நல்ல நேரம் இல்லை. 2025-இன் கடைசி மாதங்களில் ரெம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிப் பக்கம் தொழிற்சாலைகள் திரும்பியதால் நம்மைப் போன்றவர்கள் பாவிக்கும் பழைய டிடிஆர்4 கூட விலை கூடியது. டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "தம்பி, புதுசு இப்ப வாங்காத, டிஸ்பிளே உடைஞ்ச மெஷினில இருந்து கழற்றின 8 ஜிபி ஒண்டு கிடக்கு, போட்டுப் பாத்திட்டுக் காசு தா" என்றார். போட்டேன், இரவு முழுக்க ரெம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், பிழை ஒன்றும் வரவில்லை. 16 ஜிபி ஆனபிறகு டைம்லைனில் முன்னும் பின்னும் இழுப்பது இலகுவாகிவிட்டது.

எஸ்எஸ்டியை மாற்றவில்லை. என்னிடம் இருப்பது சாட்டா வகை, செக்கனுக்கு 550 எம்பி அளவுதான் தரும். சின்ன ஒரு பிராக்கெட் வாங்கினால் டி480-இல் அதைவிட வேகமான என்விஎம்இ வகை போடலாம், ஆனால் அதில் பிசிஐஇ 3.0-இன் 2 பாதை மட்டும் என்பதால் செக்கனுக்கு 2 ஜிபிக்குக் கீழேதான் நிற்கும். ஆர்6-இன் கோப்பை வாசிக்க சாட்டாவின் வேகமே தாராளம். நெருக்கடி எஸ்எஸ்டியில் இல்லாதபோது அங்கே காசு போடுவது வீண்.

அப்படியென்றால் நெருக்கடி எங்கே மிச்சம்? இவ்வளவும் செய்தபிறகும் ஆர்6-இன் மூலக் கோப்பை நேரே டைம்லைனில் போட்டால் தடக்குகிறது. முன்பைவிடக் குறைவு, ஆனால் வேலை செய்யும்படி இல்லை. இங்கேதான் புரொசஸரின் உண்மையான வயது தெரிகிறது, அது கிகாஹேர்ட்ஸில் தெரியும் வயது இல்லை.

புரொசஸருக்குள் வீடியோவை அவிழ்ப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. இன்டெல்லில் அதைக் குயிக் சிங்க் என்பார்கள். அந்தப் பகுதிக்குத் தெரிந்த வடிவம் வந்தால் கோர்கள் சும்மா இருக்க, அது தனியே அவிழ்த்துக் கொடுக்கும். 8250யூவில் உள்ள அந்தப் பகுதிக்கு எச்.265 10-பிட் தெரியும், ஆனால் 4:2:0 மட்டும். 4:2:2 தெரியாது. நிற விபரம் இரண்டு மடங்கு உள்ள அந்த வடிவம் வந்தால் முழுப் பாரமும் 4 கோரின் தலையில் விழுகிறது. எச்.265-இல் ஒரு ஃபிரேமை அவிழ்க்க அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களும் வேண்டும், அதனால் டைம்லைனில் ஒரு இடத்தைத் தொட்டாலே பத்துப் பதினைந்து ஃபிரேமைச் சேர்த்து அவிழ்க்க நேரிடும். 11-ஆம் தலைமுறை இன்டெல்லில், ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸோடு வந்தவற்றில், இந்த 4:2:2 ஹார்ட்வெயரிலேயே அவிழும். அப்பிளின் எம்1 சிப்பும் அவிழ்க்கும். நாங்கள் காத்திருப்பது இதற்காக என்று எனக்கு அப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடிந்தது.

அது வரும்வரை பிராக்ஸி, அதாவது வெட்டும்போது மூலக் கோப்புக்குப் பதிலாகப் பாவிக்கும் இலகுவான பிரதி. கெமராவின் கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை வைத்து இரவில் 720பி அளவில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன். இந்த வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியே நிற்கும், பக்கத்து ஃபிரேமைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதனால் புரொசஸருக்குப் பாரம் குறைவு. காலையில் அதை வைத்து வெட்டுகிறேன், தாலி கட்டுகிற இடம் விரல் சொன்னபடி முன்னும் பின்னும் வருகிறது. கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் மென்பொருள் மூலக் கோப்பைத் தேடிப் போகும். பிராக்ஸியின் பெயர் மூலத்தின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும், ஓடியோ தடங்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் இணைக்க மறுக்கும்.

இனி மச்சானின் "அடுத்தது வரட்டும்" என்பதற்கு வருகிறேன். காத்திருந்தவர்களின் பழைய அனுபவங்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 2003 ஜூனில் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஜி5 புரொசஸரை அறிமுகப்படுத்தி, 12 மாதத்துக்குள் 3 கிகாஹேர்ட்ஸ் வரும் என்றார். அது வரவில்லை. லப்டொப்பில் ஜி5 வரும் என்று எத்தனையோ பேர் அப்பிளின் அன்றைய லப்டொப்பான பவர்புக்கை வாங்காமல் இருந்தார்கள், அந்தச் சிப்பின் சூட்டை ஒரு லப்டொப்புக்குள் அடக்க முடியாமல் அதுவும் வரவேயில்லை. 2005 ஜூனில் அப்பிள் இன்டெல்லுக்கு மாறப்போவதாக அறிவித்தது, 2006 ஜனவரியில் கோர் டுவோவுடன் முதல் மக்புக் ப்ரோ அறிவிக்கப்பட்டது. அவர்கள் காத்திருந்த சிப் ஒன்று, வந்த சிப் வேறொன்று.

இன்டெல்லின் 10 நானோமீட்டர் என்ற சிப் தயாரிப்பு முறை அடுத்த கதை. 2016 அளவில் வரும் என்றிருந்தது, லப்டொப்புகளில் பரவலாக வந்தது 2019-இல் ஐஸ் லேக் சிப்களோடு. நடுவில் 2015-இல் ஆறாம் தலைமுறை எடுத்தவருக்கும் 2016-இன் கடைசியில் ஏழாம் தலைமுறைக்காகப் பொறுத்திருந்தவருக்கும் கோர் எண்ணிக்கையில் ஒரு வித்தியாசமும் இல்லை. 2017-இல் கோர் இரண்டு மடங்கானபோது பொறுத்திருந்தவர் வென்றார். 2020-இலும் அப்படி. ஏஎம்டி ரைசன் 4800யூவில் 15 வாட்டுக்குள் 8 கோர் கொடுத்தது, அதே வருடம் நவம்பரில் எம்1 வந்தது. ஆக வருடத்துக்கு வருடம் வருவது சின்னப் படி, சில வருடங்களில் மட்டும் பெரிய படி. பெரிய படி எப்போது என்று முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தேவையான படி 11-ஆம் தலைமுறையிலேயே ஏறியாகிவிட்டது, 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸில் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா சீரிஸ் 3-க்காகவோ அதற்கு அடுத்ததற்காகவோ நான் பொறுத்திருக்கத் தேவையில்லை.

மச்சானிடம் இதைச் சொன்னேன். "அப்ப புதுசு எடுக்கிறதில்லையா?" என்று கேட்டார். எடுப்போம், ஆனால் நமக்கு எப்போதும் இரண்டு காத்திருப்பு இருக்கிறது. சிப் அறிவிக்கப்படுவது ஒன்று, அது கொழும்புக் கடைகளுக்கு வந்து விலை இறங்குவது இன்னொன்று. வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நாலு வருடம் பாவித்துக் கழித்த மெஷின்கள்தான் எங்கள் பக்கம் அதிகம் வருகின்றன, அதனால் 2022-இன் 12-ஆம் தலைமுறை இப்போதுதான் எங்கள் கைக்கு எட்டுகிறது. எனக்கு அதுவே போதும்.

வாங்கப் போகிறவர்கள் பெயரில் ஏமாறக்கூடாது. ஐ7 என்றால் வேகம் என்ற எண்ணத்தை விடுங்கள். ஐ7-7500யூவில் 2 கோர், என்னுடைய ஐ5-8250யூவில் 4. 12-ஆம் தலைமுறை ஐ5 என்று இரண்டு மெஷின் ஒரே மேசையில் இருக்கும், ஒன்று 1235யூ, மற்றது 1240பி. முன்னதில் பெரிய கோர் 2, பின்னதில் 4, இரண்டிலும் சின்னக் கோர் 8. பெயரில் சின்ன வித்தியாசம்தான், வேலை நேரத்தில் பெரிய வித்தியாசம். புதிய பெயர்களில் இன்னும் குழப்பம், அல்ட்ரா என்று இல்லாமல் வெறும் கோர் 5 120யூ என்று வருவது 2024-இல் பெயர் மாற்றி வந்த பழைய வடிவமைப்பு.

எங்கள் தேவைக்கு இன்னொரு கவனமும் வேண்டும். ரைசன் 4000, 5000 லப்டொப்புகள் கோர் பலத்தில் அருமையானவை, ஆனால் 4:2:2 எச்.265 அவற்றின் ஹார்ட்வெயரில் அவிழாது. என்விடியா கார்டிலும் 50 வரிசைக்கு முன்பு அது இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட கேமிங் லப்டொப்பைப் பெரிய விலை கொடுத்து எடுத்தவருக்கு அந்தக் கார்ட் இந்த வேலையில் உதவாது, பக்கத்தில் உள்ள இன்டெல் கிராஃபிக்ஸ்தான் உதவும், அதுவும் 11-ஆம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்தால்.

ரெம் கழற்றி மாட்டக்கூடியதா என்று கட்டாயம் கேளுங்கள். லூனர் லேக் என்ற இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரெம் சிப்போடு சேர்ந்தே வரும், 16 அல்லது 32 ஜிபி, வாங்கும்போது எதுவோ கடைசிவரை அதுதான். எடிட் வேலைக்கு அந்த வரிசையில் 32 இல்லாமல் எடுக்க வேண்டாம்.

இப்போது என்னிடம் ஒரு பென் டிரைவ் தயாராக இருக்கிறது. அதில் நிறுவத் தேவையில்லாத எஃப்எஃப்எம்பெக், மச்சான் எடுத்த ஒரு நிமிட 4:2:2 துண்டு, இரட்டைக் கிளிக் செய்தால் அந்தத் துண்டைக் குயிக் சிங்க் மூலம் அவிழ்த்து எங்கும் எழுதாமல் விட்டுவிடும் ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு. திரையில் ஸ்பீட் என்று ஒரு எண் ஓடும். ஒன்றுக்கு மேலே இருந்தால் படம் ஓடும் நேரத்தைவிட வேகமாக அவிழ்கிறது, இரண்டு மூன்று கெமராவை ஒரே டைம்லைனில் அடுக்க வேண்டுமென்றால் அந்த எண் நாலைத் தாண்ட வேண்டும். ஹார்ட்வெயர் இல்லாத சிப்பில் ஓடாது, பிழைச்செய்தி வரும். விஎல்சியில் போட்டுப் பார்ப்பதால் இது தெரியாது, அங்கே கோர்களே சுமந்துவிடும். இந்தச் சோதனையோடு ஒரு பத்து நிமிடம் எச்டபிள்யூ இன்ஃபோவில் பாரம் கொடுத்து, வேகம் அடிப்படைக்குக் கீழே விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் மெஷினைத் தள்ள வேண்டாம், சாஜர் சரியாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே தூசும் காய்ந்த பேஸ்டும்தான் காரணமாக இருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ரிப்பேர் கடை அண்ணன் தன் கடையில் இருந்த மெஷின்களில் இதை ஓட்டிப் பார்க்க விட்டார். 11-ஆம் தலைமுறை 1135ஜி7 போட்ட ஒன்று நன்றாக அவிழ்த்தது, ஆனால் ரெம் போர்டில் ஒட்டிய 8 ஜிபி, கூட்ட வழியில்லை, அதனால் விட்டுவிட்டேன். 1240பி, ரெம் சொக்கெட் உள்ளது வந்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், பென் டிரைவின் ஒரு பிரதியையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.